ஆஸ்டின் பிராட்போர்டு ஹில்

சர் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் (சூலை 8, 1897 – ஏப்ரல் 18, 1991) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவப் புள்ளியியலாளரும் நோய்ப்பரவலியல் அறிஞரும் ஆவார். புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்டு டால் என்பவருடன் இணைந்து 1950 ஆம் ஆண்டில் வெளியிட்டார். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து மருந்துகளைச் சோதிக்கும் முறையை மருத்துவத்தில் நிலைநாட்டியவரும் இவரே. இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படும்போது ஒன்று மற்றொன்றிற்குக் காரணம்தானா என்பதை எடைபோட இவர் 1965 இல் முன்வைத்த ஒன்பது நோக்குகள் உலகெங்கும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. புகையிலைப் புகையிலுள்ள காட்மியம், ஈயம், ஆர்சனிக் ஆகியவை மூளையின் குருதிக்குழாய்களைக் கெடுக்கின்றனவா என்ற கேள்வியும் இந்நோக்குகளைக் கொண்டே ஆராயப்படுகிறது.

ஹில் மருத்துவர் அல்லர். அவர் பெற்ற பட்டம் பொருளியலில் ஆகும்.

பிறப்பும் குடும்பமும்

ஹில் இலண்டனில் பிறந்தார். இவரது தந்தை சர் லியோனார்டு எர்சுகின் ஹில் (1866–1952) புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர். மூளையில் குருதி எவ்வாறு சுற்றி வருகிறது என்பது தந்தையின் முதன்மையான ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாகும். அது குறித்து 1896 இல், அதாவது மகன் பிறப்பதற்கு முந்தைய ஆண்டில், ஒரு நூலை வெளியிட்டார். குருதி அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்றையும் அவர் 1897 இல் மற்றொரு மருத்துவருடன் சேர்ந்து உருவாக்கினார். ஆழ்கடலில் மூழ்குவோருக்கு ஏற்படும் அழுத்த நோய் பற்றியும் ஆராய்ந்தார்.

குடும்பம் எசெக்சு பகுதியில் வாழ்ந்தது. ஹில் சிக்வெல் பள்ளியில் படித்தார். தந்தையைப் போல மருத்துவம் பயில வேண்டும் என்பதே அவரது எண்ணமாக இருந்தது. முதல் உலகப்போர் அதற்குத் தடையாக வந்தது.

போரும் காசநோயும்

ஹில் கடற்படையின் வான்பிரிவில் சேர்ந்து விமானியாகப் பயிற்சி பெற்றார். 1917 இல் தார்டனெல்சு நீரிணைக்கு அருகிலுள்ள கிரேக்கத் தீவு ஒன்றிற்கு அனுப்பப்பட்டார். அங்கு அவருக்கு நுரையீரல் காசநோய் கண்டது. அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து எதுவும் இல்லை. படுக்கை ஓய்வும், தூய காற்றும், நல்ல உணவுமே சிகிச்சையாகக் கருதப்பட்டன. இங்கிலாந்து திரும்பிய ஹில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மருத்துவமனையிலும், மேலும் இரண்டு ஆண்டுகள் வீட்டிலும் நோயாளியாகக் கழித்தார்.

மருத்துவக் கல்லூரியில் சேரும் உடல்நிலை இல்லாததால் அஞ்சல் வழியில் பொருளியல் பயின்று, 1922 இல் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். பொருளியலைத் தொழிலாகக் கொள்ளும் விருப்பம் அவருக்கு இருக்கவில்லை. தந்தையின் நண்பரும் மருத்துவப் புள்ளியியல் அறிஞருமான மேசர் கிரீன்வுட் (மேசர் என்பது இவரது பெயரே, படைப் பதவியன்று) அவருக்கு வழி காட்டினார். நாட்டுப்புறங்களில் இளவயதினரின் இறப்பு ஏன் மிகுதியாக உள்ளது என்பதை ஆராய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நல்கை ஹில்லுக்குக் கிடைத்தது. இதே காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கார்ல் பியர்சனின் புள்ளியியல் விரிவுரைகளையும் கேட்டார். 1923 இல் திருமணம் செய்துகொண்டார். இவருக்கு இரண்டு மகன்களும் ஒரு மகளும் பிறந்தனர்.

தொழிற்சாலைகளில் உலோகங்கள்

ஹில்லின் தொடக்ககால ஆய்வுகள் பல தொழிலாளர் நலம் பற்றியவை. தொழிற்சாலையின் பணியாளர் பதிவேடுகளையும் இறப்புச் சான்றுகளையும் ஒப்பிட்டு, எந்த வேலை எந்த நோயைத் தருகிறது என்று கண்டறிவதே அவரது முறையாகும்.

இவ்வகையில் இரண்டு ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது தெற்கு வேல்சிலிருந்த நிக்கல் தூய்மிப்பு ஆலையைப் பற்றியது. அங்கு வேலை செய்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோயும், மிக அரிதான மூக்குக்குழிப் புற்றுநோயும் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட மிகுதியாக இருந்தன. 1920களில் அந்த ஆலையின் செயல்முறை மாற்றப்பட்டது. மாற்றத்திற்குப் பின் வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் மூக்குக்குழிப் புற்றுநோய் காணப்படவில்லை என்பதைப் பிற்காலத்தில் ஹில் சான்றாக எடுத்துக்காட்டினார்.

இரண்டாவது, ஆட்டு உண்ணிகளை ஒழிக்கும் ஆர்சனிக் தூள் தயாரித்த தொழிற்சாலையைப் பற்றியது. இது 1948 இல் வெளியானது. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் 75 இறப்புகளில் 22 புற்றுநோயால் ஏற்பட்டவை. அதே ஊர்ப்பகுதியில் பிற தொழில்களைச் செய்தவர்களின் 1,216 இறப்புகளில் 157 மட்டுமே புற்றுநோயால் ஏற்பட்டவை. நூற்றுக்கு 29 என்பதும் நூற்றுக்கு 13 என்பதும் ஒதுக்கிவிடக்கூடிய வேறுபாடு அன்று.

ஆர்சனிக் தனிம அட்டவணையில் உலோகப்போலி என வகைப்படுத்தப்பட்டாலும் நச்சியலில் நச்சு உலோகங்களுடன் சேர்த்தே பேசப்படுகிறது.

சீரற்ற ஒதுக்கீட்டு முறை

ஹில் இலண்டன் நலவாழ்வு, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். 1937 இல் லான்செட் இதழில் அவர் எழுதிய தொடர் கட்டுரைகள் மருத்துவப் புள்ளியியலுக்கான பாடநூலாகத் தொகுக்கப்பட்டன. கணிதம் அறியாத மருத்துவரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி அந்நூல் எழுதப்பட்டிருந்தது. 1940களில் கிரீன்வுட்டுக்குப் பின் அப்பள்ளியின் மருத்துவப் புள்ளியியல் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து அமெரிக்காவிலிருந்து வந்தது. காசநோய்க் கிருமியை அது அழிக்கும் என்று தெரிந்திருந்தது. ஆனால் பிரித்தானியாவிடம் டாலர் கையிருப்பு குறைவாக இருந்ததால் மிகச் சிறிய அளவு மருந்தே வாங்க முடிந்தது. எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்க மருந்து போதாது. இந்நிலையில், யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விடாமல், சீரற்ற எண்களைக் கொண்டு முன்னரே தீர்மானித்து, மூடிய உறைகளில் வைக்க வேண்டும் என்று ஹில் திட்டமிட்டார். இதனால் நலமானவர்களுக்கே மருந்து போய்ச் சேரும் சாய்வு தவிர்க்கப்பட்டது.

இச்சோதனையின் முடிவுகள் 1948 இல் வெளியாயின. ஆறு மாதங்களில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் எந்த மருந்தும் இல்லாமல் காசநோயில் கிடந்த ஒருவரே, அந்நோய்க்கான மருந்தை ஐயமறச் சோதிக்கும் முறையை வகுத்துத் தந்தார்.

புகைத்தல் பற்றிய ஆய்வு

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய் இறப்புகள் பலமடங்கு பெருகின. தார்ச்சாலைகள், உந்துவண்டிப் புகை, நிலக்கரிப் புகை என்று பல காரணங்கள் ஐயுறப்பட்டன. ஹில்லும் டாலும் இலண்டனில் 20 மருத்துவமனைகளில் நோயாளிகளை நேர்காணல் செய்தனர். 1950 செப்டம்பரில் வெளியான அவர்களின் கட்டுரையில் நுரையீரல் புற்றுநோய் கொண்ட 649 ஆண்களில் புகைக்காதவர் 2 பேரே இருந்தனர். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பிற நோயாளிகளான 649 ஆண்களில் புகைக்காதவர் 27 பேர். அதே ஆண்டில் அமெரிக்காவிலும் இத்தகைய ஆய்வு முன்னதாகவே வெளியாகியிருந்தது.

நோய் வந்தபின் பழக்கத்தைக் கேட்டால் நினைவில் பிழை நேரலாம். எனவே, நோய் வருமுன்னரே பழக்கத்தைப் பதிவு செய்து காத்திருந்து பார்ப்பது என்று ஹில் முடிவு செய்தார். 1951 இல் பிரித்தானிய மருத்துவர்கள் ஏறத்தாழ 60,000 பேருக்கு ஒரு சிறு வினாத்தாள் அஞ்சலில் அனுப்பப்பட்டது. ஏறத்தாழ 40,000 பேர் விடையளித்தனர். அவர்களுள் ஆண்கள் 34,000க்கும் மேற்பட்டோர். 1954 இல் முதல் அறிக்கை வெளிவந்தபோதே, புகைக்கும் அளவு கூடக்கூட நுரையீரல் புற்றுநோய் இறப்பும் கூடுவது தெரிந்தது.

இந்த ஆய்வு 50 ஆண்டுகள் நீடித்தது. 2004 இல் வெளியான அதன் இறுதி அறிக்கையின்படி தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு வாழ்நாளை இழந்தனர். 60 வயதில் விட்டவர்கள் மூன்று ஆண்டுகளையும், 50 வயதில் விட்டவர்கள் ஆறு ஆண்டுகளையும், 40 வயதில் விட்டவர்கள் ஒன்பது ஆண்டுகளையும் மீட்டனர். 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ முழு வாழ்நாளும் திரும்பக் கிடைத்தது.

எதிர்ப்பு

இம்முடிவுகளை எல்லோரும் ஏற்கவில்லை. புள்ளியியலின் மிகப்பெரிய அறிஞர்களுள் ஒருவரான ரொனால்டு பிசர் 1950களின் இறுதியில் கடுமையாக எதிர்த்தார். புகைக்கும் விருப்பத்தையும் புற்றுநோயையும் ஒரே மரபணு தூண்டக்கூடும் என்பது அவரது வாதம். பிசர் புகையிலை உற்பத்தியாளர்களின் ஆலோசகராகவும் இருந்தார். எனினும் அவர் எழுப்பிய கேள்வி தவறான கேள்வி அன்று. மனிதர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதியினரைப் புகைக்கச் சொல்லிச் சோதிக்க முடியாது. அப்படியானால் காரணத்தை எப்படி நிறுவுவது? இதற்கு ஹில் அளித்த விடையே அவரது 1965 உரை ஆகும்.

ஒன்பது நோக்குகள்

ஹில் 1961 இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1965 சனவரியில் இலண்டன் அரச மருத்துவக் கழகத்தின் தொழில்சார் மருத்துவப் பிரிவில் தலைமையுரை ஆற்றினார். ஒரு தொடர்பைக் காரணம் என்று கூறுமுன் பார்க்க வேண்டியவை என அவர் பின்வருவனவற்றை விளக்கினார்.

1. வலிமை: பாதிப்புக்கு உள்ளானவர்களிடம் நோய் எத்தனை மடங்கு மிகுதி என்பது.
2. மீளக் காணல்: வேறு இடத்தில், வேறு மக்களிடம், வேறு முறையிலும் அதே முடிவு கிடைக்கிறதா என்பது.
3. குறிப்பான தன்மை: குறிப்பிட்ட நோயும் குறிப்பிட்ட மக்களும் தொடர்புபடுகின்றனரா என்பது.
4. கால வரிசை: காரணம் முதலிலும் நோய் பின்னரும் வருகின்றனவா என்பது.
5. அளவுக்கேற்ற மாற்றம்: அளவு கூடும்போது நோயும் கூடுகிறதா என்பது.
6. உயிரியல் ஏற்புடைமை: உடலில் அது எவ்வாறு நிகழும் என்று விளக்க முடிகிறதா என்பது.
7. முரணின்மை: நோயைப் பற்றி ஏற்கெனவே அறிந்தவற்றுடன் பொருந்துகிறதா என்பது.
8. செய்முறைச் சான்று: காரணத்தை நீக்கினால் நோய் குறைகிறதா என்பது.
9. ஒப்புமை: இதைப் போன்ற வேறொன்று முன்னர் நிறுவப்பட்டுள்ளதா என்பது.

இவை தேர்வுத்தாளில் மதிப்பெண் இடுவது போன்ற விதிகள் அல்ல என்பதை ஹில் தெளிவுபடுத்தினார். இவற்றுள் எதுவும் தனியாக முடிவைத் தந்துவிடாது. ஒன்று இல்லை என்பதால் மட்டும் காரணம் இல்லை என்றும் ஆகிவிடாது. வேறு எந்த விளக்கமும் இதைவிடப் பொருத்தமாக இல்லையா என்று கேட்பதற்கான துணைகளே இவை.

உரையின் இறுதிப்பகுதி அறிவியலைப் பற்றியதன்று, செயலைப் பற்றியது. கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கான மருந்து ஒன்றின்மீது சிறிய ஐயம் எழுந்தாலே அதைத் தடுக்கலாம். தொழிற்சாலையில் ஒரு வேதிப்பொருளை மாற்ற ஓரளவு நல்ல சான்று வேண்டும். மக்களின் விருப்பமான பழக்கத்தை நிறுத்தச் சொல்ல மிக வலுவான சான்று வேண்டும். ஆனால் அறிவு முழுமையடையவில்லை என்பதைக் காட்டி, இருக்கும் அறிவு கோரும் செயலைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமை இல்லை என்பது அவரது முடிவு.

புகையின் உலோகங்களும் மூளையும்

மனித உடலின் எடையில் மூளை ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. ஆனால் இதயம் வெளியேற்றும் குருதியில் 15 முதல் 20 விழுக்காடு வரை அதற்குச் செல்கிறது. கழுத்தின் முன்புறத் தமனிகள் இரண்டும் பின்புறத் தமனிகள் இரண்டும் அதைக் கொண்டு சேர்க்கின்றன. இவற்றில் அல்லது இவற்றின் கிளைகளில் அடைப்போ வெடிப்போ ஏற்படுவதே பக்கவாதம்.

புகைத்தல் பக்கவாதத்தைத் தூண்டுகிறது என்பது நிறுவப்பட்டுவிட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து 1989 இல் வெளியான ஓர் அறிக்கையின்படி புகைப்பவர்களுக்குப் பக்கவாத இடர் மொத்தத்தில் ஒன்றரை மடங்கு. குழாய் அடைப்பால் வரும் வகையில் அது ஏறத்தாழ இரு மடங்கு. மூளையைச் சூழ்ந்த படலத்தினடியில் குருதி கசியும் வகையில் ஏறத்தாழ மூன்று மடங்கு. அமெரிக்காவின் பிராமிங்காம் நகர ஆய்வில், புகைப்பதை விட்ட ஐந்து ஆண்டுகளில் இந்த இடர் புகைக்காதவரின் அளவுக்கு இறங்கியது. மருத்துவர்களைத் தொடர்ந்த பிரித்தானிய ஆய்விலும் மூளைக் குருதிக்குழாய் நோய் இறப்புகள் புகைப்பவரிடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தன.

நுரையீரல் புற்றுநோயில் ஹில் கண்டது ஒன்பது, பத்து மடங்கு. ஒன்றரை மடங்கு என்பது அதனுடன் ஒப்பிடச் சிறியதாகத் தோன்றும். ஆனால் பக்கவாதம் மிகப் பரவலான நோய். பரவலான நோயில் ஒன்றரை மடங்கு என்பது அரிய நோயில் பத்து மடங்கைவிடக் கூடுதலான உயிர்களைக் கொள்ளக்கூடும்.

புகையின் எந்தப் பகுதி இக்கேட்டைச் செய்கிறது என்பது அடுத்த கேள்வி. நிக்கோடின் குருதி அழுத்தத்தை உயர்த்துகிறது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிசனின் இடத்தைப் பறிக்கிறது. இவற்றுடன் உலோகங்களும் உள்ளன. புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை உறிஞ்சி இலைகளில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. ஒரு வெண்சுருட்டில் பொதுவாக 1 முதல் 2 மைக்ரோகிராம் காட்மியம் இருக்கும். அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புகையுடன் உள்ளே போகிறது. உணவிலுள்ள காட்மியத்தைக் குடல் மிகக் குறைவாகவே ஏற்கும். நுரையீரலோ தாராளமாக ஏற்கும். ஆகவே புகைப்பவரின் குருதியில் காட்மியம் புகைக்காதவரைவிட நான்கைந்து மடங்கு இருப்பது வழக்கம். சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியத்தில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். ஈயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கும்.

ஹில்லின் நோக்குகளைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

வலிமையும் மீளக் காணலும்: ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேரைக் கொண்ட 37 ஆய்வுகளின் தொகுப்பு 2018 இல் வெளியானது. உடலில் காட்மியம் மிகுந்த மூன்றிலொரு பகுதியினருக்கு, குறைந்த மூன்றிலொரு பகுதியினரைவிடப் பக்கவாத இடர் ஏறத்தாழ 72 விழுக்காடு மிகுதி. ஈயத்திற்கு இது 63 விழுக்காடு. ஆர்சனிக்குக்கும் பக்கவாதத்துக்கும் இடையிலான தொடர்பு அத்தொகுப்பில் உறுதியாகவில்லை.

உயிரியல் ஏற்புடைமை: குருதிக்குழாயின் உட்சுவர் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைப்புகளைக் காட்மியம் தளர்த்துகிறது. குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடை ஈயம் குறைத்துக் குருதி அழுத்தத்தைக் கூட்டுகிறது. உயர் குருதி அழுத்தமே பக்கவாதத்தின் முதன்மைக் காரணம் என்பதால் இது முன்னறிந்தவற்றுடன் முரண்படவில்லை.

குறிப்பான தன்மை: இங்குதான் சிக்கல் எழுகிறது. காட்மியம் மிகுந்தவர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்கள். அவர்களின் நோய் காட்மியத்தால் வந்ததா, புகையின் மற்ற நச்சுகளால் வந்ததா? பிசர் எழுப்பிய கேள்வியின் இன்னொரு வடிவம் இது. ஒருபோதும் புகைக்காதவர்களைத் தனியே ஆராய்வதே இதற்கு வழி. புகைக்காதவர்களின் உடலுக்கும் உணவு, தொழிற்சாலை மாசு ஆகியவற்றின் வழியே காட்மியம் வருவதால் அவ்வாறு ஆராய முடிகிறது.

செய்முறைச் சான்று: உலோகங்களைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தை மாரடைப்பு வந்த நோயாளிகளுக்கு ஏற்றி, குலுக்கல் முறையில் சோதனைகள் நடந்தன. 2013 இல் வெளியான முதற்சோதனையில் இதய, குருதிக்குழாய்க் கேடுகள் ஓரளவு குறைந்தன. 2024 இல் வெளியான இரண்டாம் சோதனையில் குருதியில் ஈயம் ஏறத்தாழ 61 விழுக்காடு குறைந்தும் கேடுகள் குறையவில்லை. முன்னரே சேர்ந்த சேதம் உலோகத்தை எடுத்தபின் மீளாமல் இருக்கலாம். அல்லது உலோகத்தின் பங்கு கருதியதைவிடச் சிறியதாக இருக்கலாம்.

அமெரிக்க இதயச் சங்கம் 2023 இல் வெளியிட்ட அறிவியல் அறிக்கையில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் ஆகிய மூன்றையும் இதய, குருதிக்குழாய் நோய்களின் இடர்க்காரணிகளாகக் கொள்ள வேண்டும் என்று குறிப்பிட்டது. உடலில் ஏறிய உலோகத்தை எடுப்பதன் பயன் உறுதியாகாத நிலையில், அது ஏறாமல் தடுப்பதே கையிலிருக்கும் வழி. புகைப்பவரைப் பொறுத்தவரை அவ்வழி புகைப்பதை நிறுத்துவதாகும்.

தமிழ்நாட்டுடன் தொடர்பு

ஹில் வகுத்த சோதனை முறை சில ஆண்டுகளிலேயே சென்னைக்கு வந்தது. 1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. அம்மன்றத்திலிருந்து வந்த வாலசு பாக்சு அதன் முதல் இயக்குநர். நோயாளிகளைச் சீரற்ற முறையில் இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு வீட்டிலும் மற்றொன்றிற்குக் காசநோய் மருத்துவமனையிலும் ஒரே மருந்துகள் தரப்பட்டன. வீட்டுச் சிகிச்சையும் சமமான பலன் தரும் என்ற முடிவு 1959 இல் வெளியாகி உலக நாடுகளின் கொள்கையை மாற்றியது. இம்மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

புகைத்தல் ஆய்வின் வழிமுறையும் பின்னர் இங்கு வந்தது. 1990களின் இறுதியில் இறந்த 43,000 ஆண்களின் குடும்பத்தினரிடமும், ஒப்பீட்டுக்கு உயிருடனிருந்த 35,000 ஆண்களிடமும் தகவல் திரட்டிய தமிழ்நாட்டு ஆய்வு 2003 இல் வெளியானது. இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய் முதலில் கண்ணில் பட்டது. இங்கு காசநோயே முன்னால் நின்றது. ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறத்தாழ பாதிக்குப் புகைத்தல் காரணமாக இருந்தது. இதய, குருதிக்குழாய் நோய் இறப்புகளும் புகைப்பவரிடம் மிகுதியாக இருந்தன. இங்கு புகைக்கப்படுவதில் பீடியின் பங்கு பெரியது. பீடியில் புகையிலை குறைவாக இருந்தாலும், அணையாமலிருக்க அதை அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் அது தீங்கில் குறைந்ததன்று.

பக்கவாதத்தைப் பொறுத்தவரை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர் வேலூர்ப் பகுதியில் நடத்திய கணக்கெடுப்பு 1970 இல் வெளியானது. ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 57 பேர் பக்கவாதத்தால் உடலின் ஒரு பக்கம் செயலிழந்தவர்களாக இருந்தனர். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல் மக்களிடமே சென்று எண்ணிய தொடக்ககால இந்திய ஆய்வுகளுள் இது ஒன்றாகும்.

அக்காலத்தில் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வட ஆற்காடு மாவட்டம் சவ்வாது மலை அடிவாரத்து ஆலங்காயத்தையும் உள்ளடக்கியிருந்தது. 2019 முதல் ஆலங்காயம் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. அதற்கு அண்மையிலுள்ள வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. அத்தொழிலின் கழிவுகள் பாலாற்றுப் படுகையின் நீரிலும் மண்ணிலும் குரோமியத்தைச் சேர்த்தன. இவ்வட்டாரத்தில் பக்கவாதத்துக்கும் உலோகங்களுக்கும் தொடர்புண்டா என்று ஒருவர் ஆராய விரும்பினால், ஹில்லின் முறை எவ்வளவு தேவை என்பது புலப்படும். தோல் ஆலை ஊரில் புகைப்பவர், அங்கே புகைக்காதவர், ஆலங்காயம் போன்ற மலையடி ஊரில் புகைப்பவர், அங்கே புகைக்காதவர் என நான்கு குழுக்களை ஒப்பிட வேண்டும். அதன்றிப் புகையின் பங்கையும் மண்ணின் பங்கையும் பிரிக்க இயலாது. குரோமியத்தை 2023 அறிக்கையின் மூன்று உலோகங்களுடன் சேர்த்துப் பேசுவதும் பிழையாகும். ஒவ்வொன்றுக்கும் சான்று தனித்தனியே வேண்டும்.

இதே பாலாற்றுப் பகுதியின் வழக்கில், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த மனுவின்மீது, உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28 அன்று தீர்ப்பளித்தது. கடுமையான, மீளாத கேடு நேரக்கூடிய இடத்தில், அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு அத்தீர்ப்பால் இந்தியச் சட்டத்தின் பகுதியானது. ஹில் 1965 இல் மருத்துவர்களிடம் கூறிய கருத்துடன் இது நெருங்கிய ஒப்புமை உடையது.

பெருமைகளும் இறுதிக்காலமும்

ஹில் 1950 முதல் 1952 வரை அரச புள்ளியியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 1953 இல் அக்கழகத்தின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். 1954 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கக்குவான் இருமல் தடுப்பூசியின் சோதனைகளிலும் இவரது பங்கு இருந்தது.

காசநோயால் இளமையில் இறந்துவிடுவார் என்று அஞ்சப்பட்ட ஹில் 93 வயது வரை வாழ்ந்தார். 1991 ஏப்ரல் 18 அன்று இங்கிலாந்தின் கும்பிரியா பகுதியிலுள்ள அல்வர்சுடனில் காலமானார். அவருடன் பணியாற்றிய ரிச்சர்டு டால் 2005 சூலை 24 அன்று காலமானார்.

இந்தியாவில் 2003 இல் புகையிலைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதற்கான தடை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.